உப்பில்லாக் கூட்டம்

எங்கள் ஊரில் நரபலி நடந்துவிட்டதாக ஊரே நம்பிய ஒரு வருஷம் உண்டு. அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். மனிதர்களின் புத்தி மேல் எனக்கிருந்த மரியாதையில் பெரும்பகுதி அந்த வருஷத்தோடு போயிற்று.

எங்கள் பள்ளியின் தையல் டீச்சருக்கு நாற்பதை நெருங்கிய வயது. புருஷனை விட்டு வந்தவர். அதை ஒளிக்கவும் மாட்டார், அதற்காக அழவும் மாட்டார். ஊருக்கு அதுவே பெரிய குற்றம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஐயம்பேட்டைப் பக்கம் போகிற சாலையில் ஓர் ஓட்டு வீட்டுக்குப் போவார். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவரின் வீடு அது. பத்துப் பேர் ஓர் அகல் விளக்கின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். மந்திரம் கிடையாது, பாட்டு கிடையாது. எழுந்ததும் ஆளுக்கொரு கரண்டி பொங்கல், உப்பில்லாமல். கார்டுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் சாப்பிடுவதையே மற்றவர்களும் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம். ஒருமுறை நானும் போனேன். எனக்குத் தூக்கம் வந்தது.

ஊர் அவர்களுக்கு 'உப்பில்லாக் கூட்டம்' என்று பேர் வைத்தது. விளக்கு காற்றில் அணைந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். சாத்திய ஜன்னலை எங்கள் ஊரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

தையல் டீச்சர் நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு தறிக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையாத அவன் மனைவி. பத்தொன்பது வயதுப் பெண், முழுகாமல் இருந்தாள். அவன் அவளை அடிப்பான். வாசல்களில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே பாக்குப் போடுவார்கள். ஒருநாள் தையல் டீச்சர் மட்டும் போய்க் கதவைத் தட்டினார்.

"புள்ளத்தாச்சிப் பொண்ண இப்பிடி அடிக்கிறியே, நீ மனுசனாப்பா?"

"புருசன வுட்டு வந்தவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா? போய்ச் சேரு!"

தெருவில் சிலர் சிரித்தார்களாம். டீச்சர் அதோடு விடவில்லை. அவன் பட்டுக் கடைக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தடவை அந்தப் பெண்ணைக் கார்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். திரும்பும்போது எப்படி இருந்தது என்று டீச்சர் கேட்டதற்கு அவள் சொன்னாளாம்: "சும்மா குந்திக்கினு இருந்தேன் டீச்சர். யாரும் திட்டல."

ஆடி மாதத்தில் ஒருநாள் அவளைக் காணவில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில், பாழுங்கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். கிணற்று மேட்டில் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. திருஷ்டி கழித்துப் போட்ட பழம் எங்கள் ஊரில் கிடக்காத இடம் எது? ஆனால் அந்த ஒரு பழம் போதுமாயிருந்தது. தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவளைப் பலி கொடுத்தால் புதையல் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சாயங்காலத்துக்குள் அது ஊருக்கே தெரிந்த உண்மையாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் தறிக்காரன் மண்ணில் புரண்டு அழுதான். "அந்தத் தையக்காரிதான் கூட்டிக்கினு போனா! உப்பு துன்னாத கும்பல்தான் என் பொண்டாட்டிய பலி குடுத்துடுச்சி!"

கிராமத்திலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய் அழவில்லை. இன்ஸ்பெக்டரிடம் நேராகப் போனாள். "பலியும் இல்ல, பூதமும் இல்ல சார். இவன்தான் கொன்னான். என் பொண்ணு முதுகப் பாரு சார்."

"பெத்த வயிறு, புத்தி கலங்கிப்போச்சு" என்று நாலு பெரிய மனிதர்கள் அவளை ஓரமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தறிக்காரனுக்கு ஒருத்தர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பிறகு பயம் வந்தது. பயம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். எனக்கு அது திருவிழா மாதிரிதான் இருந்தது. சட்டம் படித்த வக்கீல் ஒருவர் தெருமுனைக் கூட்டத்தில் காளி, கபாலம் என்று கதை சொன்னார். சயன்ஸ் டீச்சர் தன் மூத்த பெண்ணுக்குத் தாயத்துக் கட்டி அழைத்து வந்தார். மெட்ராஸ் பத்திரிகை ஒன்று கார்டு வீட்டின் சாத்திய ஜன்னலைப் படம் பிடித்துப் போட்டது.

எங்கள் தலைமையாசிரியை தையல் டீச்சரைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"கொஞ்ச நாள் லீவுல இருங்கம்மா. பெத்தவங்க பயப்படறாங்க."

"எதுக்கு?"

"நீங்க கத்திரிக்கோல் வெச்சிக்கினு இருக்கீங்களாம்."

"தையல் கிளாசுக்கு அருவாமணையா கொண்டுவர முடியும்?" என்று கேட்டேன். என்னை வெளியே போகச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டமாகப் போய்க் கார்டு வீட்டை உடைத்தார்கள். கார்டை அடித்ததில் அவருக்கு ஒரு காது போயிற்று. எலும்பு இருக்கும் என்று கூடத்தைத் தோண்டினார்கள். எதுவும் கிடைக்காமல் சமையலறையையும் தோண்டினார்கள். அவர்கள் பலியை எதிர்க்க வந்தவர்களா, புதையலில் பங்கு கேட்க வந்தவர்களா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டை உடைத்தவர்களை விட்டுவிட்டு, கார்டையும் தையல் டீச்சரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது டீச்சர் கேட்டார், "அந்தப் பொண்ணோட அம்மா எங்க இருக்குது? யாராவது கூட இருக்காங்களா?"

அந்தத் தாய் செங்கல்பட்டில் இருந்தாள். அங்கே பெரிய போலீஸ் அதிகாரியின் ஆபீஸ் வாசலில் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் ஓர் அதிகாரி அவளோடு கிளம்பி வந்தார். மாந்தோப்பைப் பார்க்கப் போகாமல் நேரே நெசவாளர் தெருவுக்கு வந்தார். வீடு வீடாகக் கேட்டார்.

"தறிச் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல சார்."

எல்லா வீட்டிலும் இதே பதில். விளக்கு வைத்தால் தறி நின்றுவிடும். அவள் அலறல் அதற்கப்புறம்தான் தொடங்கும். அதிகாரிக்கு அது தெரிந்திருந்தது, அல்லது தாய் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் மறுபடியும் கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கி ரொம்ப அடிச்சான் சார். அப்புறம் சத்தமே வரல."

தறிக்காரன் அன்றைக்கே ஒப்புக்கொண்டான். இறந்தவளை வைக்கோல் வண்டியில் மறைத்துக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டிருக்கிறான். கார்டையும் தையல் டீச்சரையும் வெளியே விட்டார்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஊர் வெட்கப்பட்டது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. "அந்தக் கூட்டம் மருந்து வெச்சி அவன் புத்திய மாத்திடுச்சி" என்று சோடா வாங்கிக் கொடுத்தவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். கார்டு தன் மகளோடு அரக்கோணத்துக்குப் போய்விட்டார். ஆண்டு விழாவுக்குப் பாவாடை தைக்க ஆளில்லாமல், தையல் டீச்சரைத் திரும்ப வரச் சொல்லி என்னையே அனுப்பினார் தலைமையாசிரியை. "முடியாதுன்னு சொல்லிடுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம்" என்றார் டீச்சர். வேலூரில் ஒரு தையல் கடையில் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார்.

அடுத்த ஆடியில் நெசவாளர் தெருக்காரர்கள் கிணற்று மேட்டில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பட்டுத்துணி சுற்றினார்கள். அந்தப் பெண் சாமியாகிவிட்டாளாம், சும்மா விடமாட்டாளாம். பொங்கல் வைத்தார்கள். தாயையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அவளுக்குத் துணையாக நானும் போனேன். எதிர்வீட்டுப் பெண் கற்பூரத் தட்டை நீட்டி, "உன் பொண்ணு எங்கள எல்லாம் காப்பாத்தறாம்மா" என்றாள்.

தாய் கற்பூரத்தைத் தொடவில்லை. கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அவ சாமியா இருந்தா உங்கள ஏன் வுட்டு வெச்சிக்கினு இருக்கா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பஸ்சு எத்தினி மணிக்கு டீச்சர்?" என்று கேட்டாள்.