பரமேஸ் அக்கா நோட்டில் போட்ட கோடு

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு அமுதா அழைத்தார். பாடாங் செராயில் நான் நடத்தும் வலுதூக்கல் கூடத்தை அப்போதுதான் திறந்திருந்தேன். அமுதா, பரமேஸ் அக்காவோடு கையுறைத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் வேலை செய்பவர். வேலை நேரத்தில் ஒருநாளும் அழைத்ததில்லை. "கோச், அக்கா போய்ட்டாங்க," என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அந்த முட்டாள் கேள்விக்கு அவர் கோபப்படவில்லை. அதையே இன்னொரு முறை சொன்னார். பின்னால் யாரோ மலாயில் அவரைக் கூப்பிடுவது கேட்டது. "லைன் ஓடுது, வைக்கிறேன்," என்று துண்டித்துவிட்டார்.

ஒருத்தி செத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பேக்கிங் லைன் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. மாரடைப்பு. அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு அவர் பேக்கிங் பரமேஸ். சிலருக்கு டெட்லிஃப்ட் பரமேஸ். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. நானே அதைத் தாமதமாகத்தான் பார்த்தேன்.

மறுநாள் சாவு வீட்டில் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "பொம்பள இரும்ப தூக்குனா வேற என்னா ஆகும்? இந்த ஜிம்முதான் ஆள கொன்னுச்சு." சிலர் தலையாட்டினார்கள். நான் சண்டைக்கு எழுந்துவிட்டேன். அதற்குள் அக்காவின் கணவர் ராஜன் அண்ணன், செம்பனைப் பழ லோரி ஓட்டுபவர், பேசினார். காலையிலிருந்து அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "பதினாறு வருஷம் அவ அந்தக் கையுறை கிலாங்ல பெட்டி தூக்குனாங்கய்யா. அப்ப நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே."

பெரியவர் பாலில்லாத தே ஓவைக் குடிக்கத் தொடங்கினார்.

உடலை எடுக்கும் நேரம் வந்தபோது ராஜன் அண்ணனால் எழ முடியவில்லை. பெரிய உடம்பு. மூன்று பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். எழுந்து நின்றதும் என்னைப் பார்த்து, "அவ ஒருத்தியே தூக்கிருப்பா, கோச்," என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். அக்கா என் கூடத்துக்கு வந்தது சேருவதற்காக அல்ல. முதுகு வலிக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்கத்தான் வந்தார். தொழிற்சாலைச் சீருடையிலேயே இருந்தார். குனிவதையும் நிமிர்வதையும் சொல்லிக்கொடுத்து, தரையில் கிடந்த இரும்புப் பாரை எடுக்கச் சொன்னேன். அதுதான் டெட்லிஃப்ட். எடுத்தார். எடைத் தட்டு ஏற்றினேன். எடுத்தார். அறுபது கிலோ வந்ததும் நான் நிறுத்திவிட்டேன், எனக்குத்தான் பயமாக இருந்தது.

"கனமா இல்லையாக்கா?"

"இதுல பிடி இருக்கே. பெட்டிக்குப் பிடி கிடையாதுலா தம்பி."

எவ்வளவு தூக்க ஆசை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுக்காரரு நூத்திப் பதினெட்டு. சட்டை செருப்போட நூத்திருபதுனு வச்சுக்க. ஒரு நாளு சண்டையில அப்படியே தூக்கி வெளிய வைக்கணும்." அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் நூற்றிருபது கிலோவுக்குப் பெயர் 'ராஜன் அண்ணன்'. அண்ணனுக்கும் அது தெரியும். அவருக்கு அதில் பெருமைதான்.

ஒரு வருடத்தில் நூற்றைந்துக்கு வந்துவிட்டார். அங்கே நின்றுவிட்டது. சுங்கைப் பட்டாணியில் நடக்கவிருந்த போட்டிக்கு இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. பெயர் கொடுத்தாயிற்று. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இணையத்தில் எடுத்த ஓர் அட்டவணையை அவருக்குக் கொடுத்திருந்தேன். திங்கள் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், செவ்வாய் படுத்தபடி தள்ளும் பெஞ்ச், வியாழன் டெட்லிஃப்ட், சனி மறுபடியும் ஸ்குவாட். வாரத்துக்கு இரண்டரை கிலோ ஏற்று. ஏறவில்லை என்றால் செட்டைக் கூட்டு. நான் கூட்டினேன். முதுகுக்கு நான்கு செட், தொடைக்கு நான்கு செட். ஐந்து வாரம் பார் நூற்றைந்திலேயே கிடந்தது. ஆறாவது வாரம் நூறுகூட முழங்காலைத் தாண்டவில்லை. நான் மற்றவர்கள் முன்னால் வாயை விட்டேன். "டிசிப்ளின் இல்லக்கா. போட்டிக்குப் போறவங்க இப்படி அரைத் தூக்கத்துல வரமாட்டாங்க."

அக்கா கையில் இருந்த, பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை வந்தார். பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். கையுறைப் பெட்டியிலிருந்து கிழித்தது. அதில் பேனாவால் எழுதியிருந்தார்: ஒரு பெட்டி ஆறு கிலோ. இன்று எழுநூற்றுப் பத்துப் பெட்டி. இடுப்பு உயரத்திலிருந்து எடுத்து, கீழ் அடுக்கு என்றால் தரை வரை குனிந்து, மேல் அடுக்கு என்றால் தலைக்கு மேல்.

"கோச், இது செட்டா இல்லையா? நீயே சொல்லு."

பெருக்கிப் பார்த்தேன். நாலாயிரம் கிலோவுக்கு மேல் வந்தது. 'முதுகுக்கு நான்கு செட்' என்று நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் அதில் பாதிகூட வராது. அவர் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை அதைச் செய்துவிட்டு என்னிடம் வந்து, நான் சொன்னதையும் செய்து, என்னிடமே திட்டும் வாங்கியிருக்கிறார்.

"இந்த புரோகிராம் எழுதுனவனுக்கு ஆபிஸ்ல நாற்காலி இருக்கு," என்றார். "எனக்கு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். அவன் மேல தப்பு இல்ல. நீயாவது கேட்டிருக்கலாம்லா."

பிறகு என் பயிற்சி நோட்டை இழுத்து, அடிமட்டம் வைத்துப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டார்; புதிய வரிகள் சேரச் சேர அதை அவரே நீட்டினார். இடது பக்கம் 'ஜிம்'. வலது பக்கம் 'கிலாங்'. தொழிற்சாலையை நாம் அப்படித்தானே சொல்கிறோம்.

அந்தக் கோட்டுக்குப் பிறகுதான் நான் பயிற்சியைப் பற்றி உண்மையில் யோசிக்கத் தொடங்கினேன். முதலில் திங்கட்கிழமையை எடுத்துவிட்டோம். அக்காவுக்கு நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அந்த ஓய்வு எந்தக் கிழமையில் விழும் என்று சொல்ல முடியாது. "என் வாரத்துக்கு ஆறு நாளுதான்," என்றார். ஆகவே அட்டவணையும் ஆறு நாள் சுற்று ஆனது. முதல் ஓய்வு நாளில் தூக்கம், வேறு எதுவும் இல்லை. இரண்டாவது ஓய்வு நாளில் கனமான டெட்லிஃப்ட். சில செட்டுகள் மட்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடவை. வேலை நாட்களில் ஒரே ஒரு மாலை, முக்கால் மணி நேரம், பெஞ்சும் இலேசான ஸ்குவாட்டும். முதுகுக்கு நான் கொடுத்த கூடுதல் செட் அத்தனையையும் அடித்துவிட்டோம். அதைத்தான் கிலாங் செய்துகொண்டிருந்ததே. இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்ற இடத்திலேயே செட்டை நிறுத்த வேண்டும். வலது பக்கத்தில் ஓவர்டைம் விழாத சுற்றில் மட்டும் இரண்டரை கிலோ ஏற்றலாம்.

குறைத்தால் வலு போய்விடும் என்று நான் பயந்தேன். சொல்லவும் செய்தேன்.

"போனா போகட்டும். ரெண்டு சுத்து குடு, பாப்போம்."

இரண்டாவது சுற்றில் நூற்றைந்து, தரையில் ஒட்டவே ஒட்டாததுபோல மேலே வந்தது. ஐந்தாவது சுற்றில் நூற்றுப் பன்னிரண்டரை. நான் ஒன்றும் புதிதாகச் சேர்க்கவில்லை. அவர் ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்ததை எண்ணினேன், அவ்வளவுதான்.

போட்டியன்று அவர் பிரிவில் மூன்று பேர். மற்ற இருவரும் கல்லூரி மாணவிகள். இறுக்கமான போட்டி உடைக்கு உள்ளே டி-சட்டை போட்டுக்கொண்டு, "எல்லாம் தெரியுதா, அமுதா?" என்று பத்து முறை கேட்டார். மூன்றாவது முயற்சிக்கு நூற்றிருபது கொடுத்தோம். முழங்கால் அருகே பார் நின்றது. கூட்டத்திலிருந்து ராஜன் அண்ணன் கத்தினார்: "தூக்கி வெளிய வைடி!" மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளை, தூக்கியது செல்லும். இறங்கி வந்து, "மூணு பேருல மூணாவது, கோச்! மெடல் உண்டாம்!" என்றார். அந்தப் பதக்கத்தை மறுநாள் வேலைக்கு எடுத்துப் போனார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே நீ மேல் அடுக்க பாத்துக்க," என்றாராம். அக்கா இதை எங்களிடம் நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்கு இன்றும் சிரிப்பு வரவில்லை.

இனிச் சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்படி விட்டால் அந்தப் பெரியவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய் மாலை, அக்கா வந்தார். முகம் வெளிறியிருந்தது. "இடது கை கனக்குதுலா கோச். வேர்வை வேற நிக்க மாட்டுது." நான் நோட்டைத் திறந்தேன். வலது பக்கத்தில் எட்டு நாள் தொடர்ந்து வேலை. ஓய்வு நாள் இரண்டையும் ஓவர்டைம் தின்றிருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அவரிடம் கற்ற பாடத்தை அவரிடமே ஒப்பிக்கும் பெருமையோடு சொன்னேன்: "இது களைப்புக்கா. இன்னிக்கு ஒண்ணும் வேணாம். வீட்டுக்குப் போய் தூங்குங்க." நோட்டில் என் கையால் எழுதினேன்: 'களைப்பு. ஓய்வு.'

"பாத்தியா, கோச் தேறிட்டாரு," என்று அமுதாவிடம் சொல்லிச் சிரித்தார். போகும் முன் பேனாவை வாங்கி, சில வரிகள் தள்ளி எழுதினார்: 'சனி 122.5'. ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்காரரு ரெண்டு கிலோ ஏறிட்டாரு."

மருத்துவமனைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பாரா, போயிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். வியாழன் காலை நெஞ்சு இறுக்குகிறது, போகட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். பதினொரு மணிக்குக் கொள்கலன் கிளம்ப வேண்டும், அதை முடித்துவிட்டுப் போ என்று பதில் வந்திருக்கிறது. பத்தரைக்குப் பெட்டி அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழவில்லை. இரத்தக் குழாய் அடைப்பு பல வருடமாக வளர்ந்தது என்று டாக்டர் ராஜன் அண்ணனிடம் சொன்னார். கை எப்போதிருந்து கனத்தது என்றும் கேட்டார். செவ்வாய் என்பதை அண்ணனுக்கு அமுதாதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் இதுவரை என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜிம் கொன்றதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த நோட்டுதான். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இடது பக்கத்தில் வெறும் இடம் நிறைய இருக்கிறது. வலது பக்கத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமை வரியில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதை நான் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை.

இப்போது கூடத்துக்கு வருபவர்களிடம், செம்பனை வெட்டுபவரோ கடையில் அரிசி மூட்டை இறக்குபவரோ, முதலில் இன்று வேலையில் என்ன தூக்கினீர்கள் என்று கேட்கிறேன். அது அக்கா கொடுத்த கேள்வி. பிறகு, நெஞ்சோ கையோ கனக்கிறதா என்று கேட்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையை நீங்கள் அறிவீர்கள். போன வாரம் ஒருவர் ஆமாம் என்றார். கூடத்தைப் பூட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டு, வாயு என்று அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நன்றாகத் திட்டட்டும்.

கருமாதி முடிந்த பிறகு அமுதாவிடம் ஒன்று கேட்டேன். அவர்கள் லைனில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை பெட்டி என்று பலகையில் எழுதுவார்கள். அவர் தொகையைக் கொண்டுவந்து கொடுத்தார். 'சனி 122.5' என்ற வரிக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அடிமட்டம் வைத்து அக்காவின் கோட்டை அந்த வரி வரை நீட்டி, இரண்டு பக்கத்தையும் நிரப்பினேன்.

வியாழன். ஜிம்: இல்லை. கிலாங்: இருநூற்று ஆறு பெட்டி.