நாற்பத்தொரு நிமிடம், பதினைந்து விநாடி

பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு டீச்சர். பந்தய நாளில் மட்டும் ‘சுத்து டீச்சர்’. ஆண்டுக்கு ஒருநாள் மலையைச் சுற்றும் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவார்கள். பத்துச் சுற்று. அதை எண்ணுவது தொடக்கம் முதல் அவர் பொறுப்பு. பலகையில் வரிசையாக ஆணிகள் இருக்கும். முன்னால் வரும் வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வாஷரை மாட்டுவார். ஒன்பது மாட்டியதும் கையைத் தூக்கினால், அடுத்த முறை வருபவருக்குக் கட்டம் போட்ட கொடி.

பந்தயத்துக்கு முப்பது வயதானது. டயர் கடை வைத்திருக்கும் பந்தயக் குழுச் செயலாளர் அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடக் கிளம்பினார். இரண்டு மெக்கானிக்குகள் ‘உன் வண்டியா, என் வண்டியா’ என்று மல்லுக்கட்டி மலையைச் சுற்றி விரட்டியதும், அவர்களைப் பிடித்து உட்கார வைத்த இன்ஸ்பெக்டரே மறு ஆண்டு கொடியசைத்து முதல் பந்தயத்தைத் தொடங்கி வைத்ததும் அதில் உண்டு.

“எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாருங்க டீச்சர்,” என்று வெற்றியாளர் பட்டியலை நீட்டிவிட்டுப் போனார்.

டீச்சருக்கு எண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. இரண்டாம் ஆண்டு நாற்பத்தாறு நிமிடம். நான்காம் ஆண்டும் கிட்டத்தட்ட அதேதான். நடுவில் மூன்றாம் ஆண்டு மட்டும் நாற்பத்தொரு நிமிடம், பதினைந்து விநாடி. அது அவருடைய சொந்தத் தம்பியின் சாதனை. இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை. தாளின் ஓரத்தில் பத்தால் வகுத்தார். அப்புறம் ஒன்பதால் வகுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியின் ஒர்க்ஷாப்புக்கு நடந்தார்.

தம்பி ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

“டேய், அந்த வருஷம் நீ ஓட்டினது ஒம்பது சுத்துதான்டா.”

“யாரு சொன்னா?”

“கணக்கு சொல்லுது.”

“இருபத்தேழு வருஷமா உன் கணக்கு தூங்கிட்டு இருந்துச்சா?”

“பத்து சுத்துன்னா, ஒரு சுத்துக்கு நாலு நிமிஷம் ஏழு விநாடி வருது. போன வருஷம் புத்தம்புது வண்டியில வந்தவனே ஒரு சுத்துகூட அவ்வளவு வேகமாப் போகல. உன் வண்டி சைலன்சரைக் கம்பியால கட்டிக்கிட்டுப் போச்சு.”

“அந்தக் கம்பிதான்க்கா ராசி.”

“ஒம்பதால வகுத்தா நாலு முப்பத்தஞ்சு. அந்தக் காலத்துல எல்லாரும் ஓட்டின வேகம்.”

தம்பி கையைத் துணியில் துடைத்தான். “சீக்கிரம் முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. நான் பறந்து வந்துட்டேன்னு நெனச்சேன். அதெப்படி நீ கோட்டை விட்ட?”

“பந்தயத்துக்கு முன்னாடி சாலையைப் பார்த்துக்க ஒரு சுத்து விடுவாங்கல்ல? நீ முதல் ஆளா வந்த. நீ பந்தயத்துல ஓட்டறதை நான் பார்க்கறது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்துல கை தானா ஒரு வாஷரை மாட்டியிருக்கு.”

“கொடி காட்டினா பந்தயம் முடிஞ்சுது. அதுதானே விதி?”

“ஆமா. ஜெயிச்சது உன்கிட்டயே இருக்கும். ரெக்கார்டுதான் போகும்.”

“ஜெயிச்சவன் இருபத்தொம்பது பேர் இருக்கான்க்கா. ரெக்கார்டு எனக்கு மட்டும்தான் இருக்கு. கண்டுக்காம விட்டுடேன்.”

“அதை முறியடிக்கப் போய்த்தான் போன வருஷம் ஒருத்தன் தோள் எலும்பை உடைச்சுக்கிட்டான். யாருமே ஓட்டாத வேகத்தைத் துரத்தியிருக்கான்டா.”

தம்பி நட்டு ஒன்றைத் திருகினான், திரும்பக் கழற்றினான்.

“எழுதிக்கோ. ஆனா தப்பு யாருதுன்னும் சேர்த்து எழுது.”

“அதைத்தான்டா முதல்ல எழுதுவேன்.” பட்டியலை விரித்தவர் நிறுத்தினார். “ஆமா, இன்னொரு சுத்து இருந்திருந்தா அன்னிக்கு ரெண்டாவதா வந்தவன் உன்னைப் பிடிச்சிருப்பானா? ஒட்டிக்கிட்டே வந்தானே. எந்தக் கணக்குலயும் அது மட்டும் வரமாட்டேங்குது.”

தம்பி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். “அவன் எதுக்குக்கா பிடிக்கணும்? கொடி விழுந்து, கூட்டம் என்னைத் தூக்கிக்கிட்டு ஆடும்போதே வண்டி பெட்ரோல் இல்லாம நின்னு போச்சு.”

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இதையும் எழுதிடட்டுமா?”

“அக்கா! கொஞ்சமாவது மானத்தை விட்டுவை.”

ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே தாளை வைத்து, மூன்றாம் ஆண்டுக்கு நேராக எழுதினார்: ‘ஒன்பது சுற்றுதான். எண்ணியவர் பிழை.’ அதோடு பேனாவை மூடினார்.