மாமா ஸ்பிரிங்கில் வைத்த ரப்பர்

துப்பாக்கிச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புலியூரில் என் அக்கா வீட்டு வாசலில் கேட்டது அப்படித்தான் இருந்திருக்கும். கண்ணைத் திறந்தபோது மாமா தரையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது. அவர் காதோரம் ரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது. வராண்டாவில் அக்காவின் சாய்வு நாற்காலி இரண்டாக உடைந்து கிடக்க, கார் ஸ்பிரிங் ஒன்று ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு அப்போது தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, அதனால் தங்கை என்ற உரிமையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவருடைய அப்பா விட்டுப்போன ஒரே சொத்து வெளிர்நீல ஹெரால்டு கார் ஒன்று. அறுபதுகளில் வாங்கியது. மாமா அதை மெக்கானிக்குகளிடம் விடமாட்டார். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் அவரே. அதற்கென்று ஒரு நோட்டுகூட வைத்திருந்தார்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். அதற்குள் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இரண்டாவது முறை நான் கூடவே இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு பத்து நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. மாமாவின் அம்மா ஊரிலிருந்து வந்தார். "சில பேர் உடம்புல தங்காது, என்ன பண்றது" என்று ஹாலில் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அக்கா சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

மூன்றாவது முறை உண்டானபோது வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட இல்லை. குரோம்பேட்டையில் இருந்த லேடி டாக்டரிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போகவேண்டும். மாமா காரில்தான் கூட்டிப்போவார். அந்தக் காரில் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அதன் தூக்கிப்போடல். ரோட்டில் ஒரு கல் கிடந்தால்கூட முதுகெலும்பில் சுத்தியலால் தட்டினதுபோல இருக்கும். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அக்கா ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருப்பாள். மாமாவுக்கு அவளைப் பார்க்கத் தாங்காது. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். டயரையே மாற்றிப் பார்த்தார். சீட்டுக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டார். எதற்கும் அந்தக் கார் அசைந்துகொடுக்கவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த ஆள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பானெட்டின் முனையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினான். கார் இம்மிகூட இறங்கவில்லை.

"இன்னா சார், கட்டை வண்டி மாதிரி கீது. முன்னாடி ஸ்பிரிங்கு வேலையே செய்யல. கழட்டிப் பாத்தாதான் தெரியும். கையில நாலு வண்டி கீது, பத்து நாள் கழிச்சு எட்டாந்து வுடுங்க."

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போகணுமேப்பா."

"அதுக்குன்னு நீங்க கை வெச்சிடாதீங்க. வண்டியில அது சாது மாதிரி இருக்கும். வெளிய வந்தா ஆளைத் தூக்கிடும்."

மாமா தலையாட்டிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் ஜாக்கியைப் போட்டுவிட்டார்.

அந்தக் காரில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஷாக் அப்சார்பர் செங்குத்தாக நிற்கும். அதைச் சுற்றி ஸ்பிரிங் சுருண்டிருக்கும். மேலே சில நட்டு, கீழே ஒரு போல்ட்டு. அவற்றைக் கழற்றினால் இரண்டும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். வந்தது. மாமா அதை வராண்டா ஓரம் கொண்டுவந்து வைத்து, ஐந்து வருஷத்துச் சேற்றைச் சுரண்டினார். நான் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ அடைத்திருப்பது தெரிந்தது. லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகள். ஆறோ ஏழோ இருக்கும். ஒவ்வொரு இடுக்கிலும் ஆப்பு அடித்ததுபோல இறுகியிருந்தன. ஸ்பிரிங் சுருங்குவதற்கு ஒரு நூல் இடம்கூட இல்லை.

"இது என்ன மாமா? யார் வெச்சது?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மனிதரின் முகம் வெளிறிப்போவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"நான்தான்" என்றார். "மாப்பிள்ளை அழைப்புக்கு."

அவருடைய கல்யாணத்துக்கு முந்தின வாரம் நடந்தது அது. காரின் முன்பக்கம் தொய்ந்து, மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். மாப்பிள்ளை அழைப்பில் எல்லோரும் பார்ப்பார்களே என்று டயர் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஜாக்கியில் தூக்கி, இந்தத் துண்டுகளைத் திணித்துக் கொடுத்திருக்கிறார். கார் நிமிர்ந்து நின்றது. கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று இருந்தவர் மறந்துபோனார். கார் தூக்கிப்போடுவது அப்பாவின் காலத்துப் பழசு என்று நினைத்தார், தாம்பரம் ரோடு என்று நினைத்தார். நோட்டில் பிளக் மாற்றிய தேதி எல்லாம் எழுதியவர் இதை எழுதவில்லை.

"அவ இந்த வண்டியிலதான் போனா. ரெண்டு தடவையும் இந்த வண்டியிலதான்" என்றார்.

அதற்குமேல் அவர் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்பிரிங் பாயாமலிருக்க அதைக் கொடிக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார். மெக்கானிக் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன், காதில் விழவில்லை. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருந்த உச்சி நட்டில் ஸ்பேனரைப் போட்டு வெறிபிடித்தவர்போலத் திருகினார். அப்போதுதான் அந்தச் சத்தம்.

அக்கா தினமும் காலை அந்தச் சாய்வு நாற்காலியில்தான் படுத்திருப்பாள். அன்றும் படுத்திருந்தாள். பால் பொங்குகிற வாசனை வந்தது என்று எழுந்து உள்ளே போயிருந்தாள், அவ்வளவுதான். எழுந்து போய் ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா என்பதுகூடச் சந்தேகம்.

கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னங்க சத்தம்? சிலிண்டரா?"

உடைந்த நாற்காலியைப் பார்த்தாள். ஜன்னலில் தொங்கிய ஸ்பிரிங்கைப் பார்த்தாள். அப்புறம் மாமாவின் காதைப் பார்த்து, முந்தானையால் அழுத்திப் பிடித்தாள். மாமா அவள் கையை விலக்கினார். தரையில் சிதறிக் கிடந்த ரப்பர் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். கல்லூரியில் தேற்றம் விளக்குகிறவர், ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக முடிக்கமுடியாமல் சொன்னார். "நான்தான் ரெண்டையும் கொன்னேன்" என்று முடித்தார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவரை அடித்தால்கூட நான் தடுத்திருக்கமாட்டேன். அவள் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ" என்றாள், "என் உடம்பு மேல தப்பு இல்லையா?"

துண்டை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லுங்க. என் உடம்புல ஒண்ணும் இல்லையா? வண்டிதானா?"

சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அது துக்க அழுகை இல்லை. ஐந்து வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஒரேயடியாக விட்டதுபோல இருந்தது. கல்லடிபட்டவள்போல நான் நின்றேன். தன் உடம்பையே குற்றவாளியாக வைத்துக்கொண்டு எங்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டிருக்கிறாள். கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மெக்கானிக் அன்று மாலையே வந்தான். ஜன்னலில் மாட்டியிருந்த ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தான். "சாமி புண்ணியம் சார்" என்றான். கொக்கி வைத்த இரண்டு நீளத் திருகாணிகளைக் கொண்டுவந்து மறுபக்கச் சக்கரத்து ஸ்பிரிங்கை இருபுறமும் சமமாக இறுக்கி, பூனையைத் தூக்குகிறமாதிரி கழற்றினான். மறுநாள் ஒரு ஜோடி புது ஸ்பிரிங், நைந்துபோன ரப்பர் புஷ்களுக்குப் பதில் புதுசு. காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி போல்ட்டுகளை இறுக்கினான். "தொங்கவுட்டு முறுக்கினா புஷ்ஷு முறுக்கிக்கினு நிக்கும், மறுபடி தூக்கிப் போடும்" என்றான். பானெட்டை அழுத்தினான். கார் மெதுவாக இறங்கி, ஏறி, நின்றது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ரயில்வே கேட்டைத் தாண்டியபோது அக்கா கதவைப் பிடிக்கவில்லை.

டாக்டர் சோதித்து முடித்து, அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது நான் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன். கார் குலுக்கலால் கரு கலையுமா? முந்தின இரண்டும் அதனாலா?

டாக்டர் சிரித்தேவிட்டார். "மாட்டு வண்டியில வந்து பெத்துட்டுப் போறவங்களை நான் பார்த்திருக்கேன்மா. வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆரம்பத்துலயே கலையறதுக்குப் பல காரணம் இருக்கும், பாதி எங்களுக்கே தெரியாது. யார் சொன்னா உனக்கு?"

திரை விலகி அக்கா வெளியே வந்தாள். பல மாதங்களாகப் பார்க்காத முகம். வாசலில் மாமா காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். பத்து வயது கூடியிருந்தது அவருக்கு. சொன்னால் மாமா பிழைப்பார். சொன்னால் அக்கா மறுபடி தன் உடம்புக்குள்ளேயே காரணத்தைத் தேடுவாள். அந்தப் பத்தடி தூரத்தில் நான் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.

பெண் குழந்தை பிறந்தது. தொண்ணூறுகளில் ரோடெல்லாம் அகலமாயின, மாமா வேறு கார் வாங்கினார். எந்தக் காராக இருந்தாலும், சின்ன மேட்டைக் கண்டாலும் கிட்டத்தட்ட நிறுத்தியே ஏற்றுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். மகள்கூடக் கேலி செய்வாள். அவர் என் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். அக்காவைத் தவிர தன் குற்றம் தெரிந்தவள் நான் ஒருத்தி என்று அவர் நினைத்திருக்கவேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

மாமா போன வருஷம் இறந்தார். காரியங்கள் முடிந்த மறுநாள் அக்காவும் நானும் தனியாக உட்கார்ந்திருந்தோம். "பாவம்டீ, கடைசிவரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டிருந்தார்" என்றாள். "நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அவர்கிட்ட சொல்லவும் செஞ்சேன். நம்பலை."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை அன்றும் சொல்லவில்லை.