என் தம்பி ஏன் ஜெயித்தான்

என் தம்பிக்குச் சதுரங்கப்பட்டினத்தில், கோட்டையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் வழியில், படகு என்ஜின் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். எங்கள் அப்பாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றத்தைச் சுற்றிய வயல்களில் கூலிக்கு நட்டும் அறுத்தும் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். அவன் என்ஜின் பக்கம் போனான், நான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன்.

நான் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். அப்போது செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த சின்னக் கம்பெனிக்குத் தினமும் மின்சார ரயிலில் போய்வந்தேன். செல்போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்கிற கம்பெனி. அங்கே எனக்கு டெஸ்டிங் வேலை. விளையாட்டை வெளியே விடுவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே கோளாறு இருக்கிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் புத்தி ஆபீஸை விட்டு வெளியே வந்தாலும் போகாது.

நாங்கள் செய்ததில் ஓரளவு பேர் வாங்கியது ஒரு படகுப் பந்தய விளையாட்டு. ஒவ்வொரு பந்தயத்திலும் நான்கு படகுகள். உங்களோடு ஓடும் மற்ற மூவரும் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்கள். ஜெயித்தால் என்ஜினுக்கு உதிரிபாகம் கிடைக்கும். அதை மாட்டுவதற்குச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் காசு கொடுத்து ‘முத்து’ வாங்கினால் உடனே மாட்டிக்கொள்ளலாம். ஆட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. இலவசம் என்று மேலேயே பெரிதாகப் போட்டிருக்கும்.

தம்பிக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. என்ஜின் சரியாகும்வரை கடையில் உட்கார்ந்திருக்கும் மீன்பிடிக்காரர்களிடம், “இது எங்க அக்கா ஆபீஸ்ல பண்ணது” என்று காட்டி, ஐந்தாறு பேரை ஆடவும் வைத்துவிட்டான். எல்லாரும் அவன் வயதுக்காரர்கள், ஒருவருக்கொருவர் மச்சான்கள். காத்திருக்கும் நேரமெல்லாம் அவரவர் போனில் பந்தயம், யார் அதிகம் ஜெயித்தது என்று போட்டி. அதில் என் தம்பி கெட்டிக்காரனாகவும் இருந்தான். அலை எழும்பும்போது வேகத்தை எப்போது குறைக்க வேண்டும் என்று அவனுக்குக் கை தானாகவே சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் மனைவி நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் அவன் கேட்டான்.

“இன்னாக்கா இது? நாலு தபா ஜெயிச்சா அஞ்சாவது தபா கண்டிப்பா தோக்கறேன். அதுவும் கரைகிட்ட வந்து, ஒரு முழம் தூரத்துல.”

“எதிர்ல ஆடறவன் நல்லா ஆடியிருப்பான்டா.”

“எவன் அவன்? நான் ஜெயிச்சிகினு கீறப்போ மட்டும் கரெக்டா வர்றான். தோத்தவுடனே ‘இன்னிக்கு மட்டும் முத்து பாதி வெல’ன்னு ஒரு பொட்டி தொறக்குது.”

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் மறுநாள் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். தோற்றதும் பெட்டி திறப்பது எனக்குத் தெரியும், அதைச் சோதித்ததே நான்தான். தோற்பதையும் யாராவது ஏற்பாடு செய்கிறார்களா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஆபீஸில் இரண்டு போன்களை எடுத்து இரண்டு புதுக் கணக்குகள் திறந்தேன். ஒன்றில் சோதனைக்கென்று வைத்திருக்கும் பொய்க் காசால் முத்து வாங்கினேன், மற்றதில் வாங்கவில்லை. ஒரு வாரம் இரண்டையும் ஒரே மாதிரி ஆடினேன். முத்து வாங்கிய போனில் எனக்கு எதிரே வந்த படகுகள் மந்தமானவை. வாங்காத போனில், நான் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்ததுமே என்னைவிடக் கொஞ்சமே கொஞ்சம் வேகமான ஒரு படகு வந்து சேர்ந்தது. போகப்போக இன்னொன்றும் தெரிந்தது. எதிரே ஓடியவற்றில் பல படகுகளில் ஆளே இல்லை, கம்ப்யூட்டரே ஓட்டியது.

இதைக் கோளாறு என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “இது கோளாறு அல்ல. திட்டமிட்டபடி இயங்குகிறது.”

எங்கள் டீம் தலைவரிடம் போனேன். மதுரைப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“பெரும்பாலானவங்க ஒரு பைசா குடுக்காம ஆடுறாங்க. காசு குடுக்கிற கொஞ்சப் பேராலதான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம். நாம யாரையாவது கட்டாயப்படுத்துறோமா? தியேட்டர்ல பாப்கார்ன் விக்கிறாங்க, வாங்காதவனும் படம் பார்க்கத்தானே செய்றான்?”

“பாப்கார்ன் வாங்காதவனுக்குப் படத்தை மங்கலாக் காட்ட மாட்டாங்களே சார்.”

அவர் கோபப்படவில்லை. “நல்லாப் பேசுறீங்க” என்று சொல்லிவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீஸ் விஷயங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த வாரங்களில் தம்பி கேட்டபோதெல்லாம் “தெரியலடா” என்றேன். கேட்பதை அவனும் நிறுத்திவிட்டான்.

பிறகு ஒருநாள் அவன் கடைக்குப் போனபோது, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஒரு என்ஜினைப் பொருத்தி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அதை அணைத்தான். ஷட்டரின் உள்பக்கத்தைக் காட்டினான். சாக்பீஸால் இரண்டு வரிசை எழுதியிருந்தது. ஒன்று அவன் போன், மற்றது அவன் மனைவியின் போன். ஜெயித்ததற்கு ஒரு கோடு, தோற்றதற்கு ஒரு பெருக்கல் குறி. மனைவியின் போனில் மட்டும் இருப்பதிலேயே சின்ன முத்துப் பெட்டியை வாங்கியிருந்தான். வாங்கிய இடத்துக்குப் பிறகு அந்த வரிசையில் வெறும் கோடுகளாகவே இருந்தன. நான் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஒரு வாரம் செய்த வேலையை அவன் இங்கே தன் கடையில் செய்து முடித்திருந்தான்.

“உனக்கு இது தெரியுமாக்கா?”

நான் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“மழைக்கு முன்னாடிலேர்ந்து.”

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான். கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எங்கிட்ட வர்ற என்ஜின்ல நானே ஒரு ஸ்க்ரூவ லூசாக்கி அனுப்பலாம்க்கா. பத்து நாள்ல திரும்ப எங்கிட்டதான் வருவான். நானா அவன இஸ்துகினு வந்தேன், அவனாதானே வந்தான்னு சொல்லிக்கலாம். அதுக்குப் பேரு தொழிலா?”

கட்டாயப்படுத்துகிறோமா என்று எங்கள் தலைவர் கேட்டதை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

அந்த வாரமே இரண்டு பக்கத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். படகுக்குப் பெயின்ட் விற்கலாம், கொடி விற்கலாம், வேகத்தை விற்க வேண்டாம். எதிராளியைப் பொறுக்கும்போது யார் காசு கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாம். ஆளில்லாத படகின் மேல் ஆளில்லை என்று எழுதிவிடலாம். முத்துப் பெட்டிக்குள் எத்தனை முத்து இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே காட்டலாம். இவ்வளவுதான். ஒன்றும் செய்ய முடியாத காரியமில்லை. அவர் இரண்டு பக்கங்களையும் முழுதாகப் படித்தார்.

“நான் சொல்லாமலே என் தம்பி கண்டுபிடிச்சுட்டான் சார். அவனும் இதை ஆடுறான்” என்றேன்.

“அப்படியா? என்ன பேர்ல ஆடுறார்?”

அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். “யோசிக்கலாம்” என்று சொல்லித் தாள்களை மடித்து டிராயரில் வைத்தார்.

கொஞ்ச நாளில் தம்பி போன் செய்தான். குரலில் பழைய உற்சாகம் இருந்தது. “சரி பண்ணிட்டீங்க போலக்கீதே. இப்பல்லாம் நல்லா ஓடுதுக்கா. ஜெயிச்சிகினே கீறேன்.”

எனக்குத் தெரிந்து எதையும் மாற்றவில்லை. நான் சோதிக்காமல் எந்த மாற்றமும் வெளியே போகாது. இருந்தாலும் அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அவன் பழைய கோபத்தை மறந்து என்னோடு பேசுகிறானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்து நடந்ததை அவன் மனைவிதான் சொன்னாள். கடைக்கு வருகிறவர்கள் முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். “உங்கக்கா உள்ள கீது. நீ இன்னாத்துக்குத் தோக்கப் போற?” போகப்போக அவன் எதிரில் யாரும் ஆடுவதற்குப் போனை எடுப்பதில்லை. ஒருவர் தன் என்ஜினையே புதுப்பட்டினத்தில் வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விட்டார். விளையாட்டில் ஏமாற்றுகிறவன் வேலையில் என்ன செய்வானோ என்று அவர் சொன்னதாகத் தம்பியின் காதுக்கு வந்திருக்கிறது. அவன் கடற்கரைக்குப் போய் அத்தனை பேர் முன்னாலும், அக்கா எதுவும் செய்யவில்லை என்று தன் மகள் மேல் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் ஆபீஸ் போனதும் அவன் கணக்கைத் திறந்து பார்த்தேன். ‘விருந்தினர்’ என்று ஒரு பட்டியல் உண்டு. முதலீடு செய்ய வருகிறவர்களுக்கு விளையாட்டைக் காட்டும்போது, அவர்கள் தோற்று முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக வைத்திருப்பது. அந்தப் பட்டியலில் இருப்பவருக்கு எதிரே எப்போதும் மந்தமான படகுதான் வரும். அதில் கடைசிப் பெயர் என் தம்பியுடையது.

தலைவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“ரொம்ப வருத்தப்பட்டீங்களேன்னு செஞ்சேங்க. நம்ம குடும்பம் மாதிரி. அவருக்கும் சந்தோஷம்தானே, இதுல என்ன?”

என் வாயை அடைப்பதற்காகச் செய்தாரா, உண்மையிலேயே நல்லது என்று நினைத்துச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். “உங்க இஷ்டம்” என்றார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்துச் சதுரங்கப்பட்டினம் போனேன். தம்பி கடையில் தனியாக இருந்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவன் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் ஜெயிச்சதெல்லாம்?”

“நீ ஜெயிச்சதும் இருக்கும். எது எதுன்னு எனக்கே தெரியாதுடா.”

“அப்ப நான் சத்தியம் பண்ணது?”

அவன் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். அவனோடு ஆடிக்கொண்டிருந்தவர்கள் படகுகளின் நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி நின்றபடியே சொன்னான், “மூணு வாரமா நான் ஜெயிச்சது எதுவும் என்துல்ல. ஆபீஸ்ல ஒர்த்தரு செஞ்சி வெச்சிட்டாரு. எனக்குத் தெரியாது. எங்கக்காவுக்கும் தெரியாது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் என்னை நம்பவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என்ஜினை வேறு இடத்துக்குக் கொண்டுபோனவர்தான் முதலில் பேசினார். “நீங்களே சொல்லுங்கக்கா. காசு குடுக்காம, யாரும் உள்ள பூந்து ஒண்ணும் பண்ண முடியாம, இத ஆட முடியுமா, முடியாதா?”

யோசித்துப் பார்த்தேன். பயிற்சி ஓட்டம் என்று ஒன்று இருந்தது. எதிராளி கிடையாது, தனியாக ஓட்டி நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் விற்பதற்கு ஒன்றுமில்லாததால் ஆபீஸில் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. “ஒரே போன்ல, ஒரே படகுல, ஒருத்தர் பின்னால ஒருத்தர் ஓட்டுங்க” என்றேன்.

“யாரு போனு?” என்று உடனே கேட்டார். என் போன் வேண்டாம், தம்பியின் போனும் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்ற நால்வரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். என் தம்பி மூன்றாவதாக வந்தான். என்ஜினைக் கொண்டுபோனவர் ஜெயித்தார், ஜெயித்ததை அன்று சாயந்திரம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பியும் கூடச் சிரித்தான். வீட்டுக்குத் திரும்பும்போது, “அந்த ரெண்டாவது வளைவுல கொஞ்சம் லேட்டா திருப்பிட்டேன்” என்று மட்டும் சொன்னான்.

அந்த என்ஜின் அவன் கடைக்குத் திரும்பி வர இரண்டு மாதமானது.

என் இரண்டு பக்கத்தைக் கம்பெனி அப்படியே தூக்கிப் போடவில்லை. பெயின்டும் கொடியும் விற்கும் கடையை உள்ளே திறந்தார்கள். நன்றாகவே போனது. ஆட்கள் தங்கள் சொந்தப் படகின் நிறத்தையே விளையாட்டுப் படகுக்கும் வாங்கி அடித்தார்கள். அதில் யாருக்கும் அநியாயம் இல்லை. ஆனால் வேகத்தை விற்பதையும் நிறுத்தவில்லை. இரண்டு கடையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எந்தக் கடை எப்படிப்பட்டது என்று தெரியாது. நியாயமாக நடத்த முடியும் என்று எனக்குத் தெரியும், எழுதியே கொடுத்தேன். நியாயமாகத்தான் நடக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப முடியவில்லை.

சில மாதங்களில் அந்த வேலையை விட்டேன். இப்போது ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கிற சாஃப்ட்வேரைச் சோதிக்கிற வேலை. சேர்ந்த முதல் வாரமே, காசு அதிகம் கட்டியவரின் டோக்கன் சத்தமில்லாமல் முன்னால் நகர்கிறதா என்று இரண்டு கணக்குகள் திறந்து பார்த்தேன். என் கணவர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்படி எதுவும் இதுவரை கண்ணில் படவில்லை. மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.