மூன்று முறை திரும்பி வந்த முதல் படம்

முதலில் ஒரு வாக்குமூலம். கம்ப்யூட்டர் திரையில் ஒரு படம் வந்தால், அதில் எழுதியிருப்பதை நான் உடனே செய்து முடிக்க வேண்டும் என்று நம்பினேன்.

சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரகடம் பக்கம் ஃபேக்டரியில் குப்பை கொட்டுகிறவன் வேறு எப்படி நம்புவான்? எங்கள் லைனில் ஒவ்வொரு ஆளுக்கு முன்னாலும் ஒரு படம் தொங்கும். போல்ட்டை எடு, இங்கே வை, இவ்வளவு முறுக்கு. ஒன்றைத் தவறவிட்டால்... பீஸ் மறுபடி முதலிலிருந்து வரும். அதற்குப் பெயர் ரீ-வொர்க்.

போன மாதம், வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் ஓர் இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்கிற வகை. அது ஏறி முடிகிற வரை நமக்கு போரடிக்கக் கூடாது என்று, தியேட்டரில் இடைவேளை விளம்பரம் போடுகிற மாதிரி, எட்டுப் படங்களை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். தமிழிலேயே. ஆனால் அது விளம்பரம் என்று எனக்கு யார் சொன்னது?

‘உங்கள் புகைப்படங்களை அடுக்குங்கள்’ என்றது ஒரு படம். அடுக்கப் போனேன். எதை அமுக்கினாலும் அசையவில்லை. அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது — ‘பிடித்த பாடலைக் கேளுங்கள்.’ அட, புகைப்படமே இன்னும் முடியவில்லையே! எட்டாவது படம் போனதும் என்ன வந்தது தெரியுமா? முதல் படம். ஏதோ ஒரு வேலையைத் தவறவிட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றே முடிவுகட்டினேன். மூன்றாவது சுற்றில் சட்டை நனைந்துவிட்டது. வயரைப் பிடுங்கினேன். பேட்டரி செத்த லேப்டாப். வயர்தான் அதற்கு உயிர். அதோடு கண் திறக்கவில்லை.

என் மனைவி ஜெஸி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, கொன்னுட்டீங்களா?”

கோபம் வந்தால் நான் மெயில் எழுதுவேன். அந்த சிஸ்டத்தைத் தமிழில் கொண்டு வருகிற தன்னார்வலர் குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ‘உங்கள் இன்ஸ்டாலர் என்னை மூன்று முறை ரீ-வொர்க் செய்ய வைத்தது’ என்று தடித்த எழுத்தில். மறுநாளே பதில் வந்தது. படங்களை எப்படித் திருத்தலாம் என்று பேச ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீபெரும்புதூரில் கூடுகிறோம், நீங்கள் அவசியம் வர வேண்டும். இப்படிக்கு, ஆரோக்கியமேரி.

அவசியம்! என் அருமை ஒருவழியாக உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து பிரசன்டேஷன் தயாரித்தேன். எட்டுப் படங்களை எப்படிச் சுருக்கலாம் என்று விளக்க... முப்பத்திரண்டு ஸ்லைடு.

மறைமலை நகரிலிருந்து பைக்கில், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஒரு டியூஷன் சென்டர். ஐந்து பேர் இருந்தார்கள். ஆரோக்கியமேரி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; அந்த எட்டுப் படங்களுக்குத் தமிழ் எழுதியவர் அவர்தான். பக்கத்தில் வெல்டிங் ஷாப் இசக்கிமுத்து, தென்காசிக்காரர்.

மேரி விஷயத்தைச் சொன்னார். அவருடைய லைன் பெண்கள் தங்கியிருக்கும் விடுதியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அஞ்சல் வழியில் டிகிரி படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் கதி. சிஸ்டத்தை அவர்களே ஏற்றிக்கொள்ளட்டும் என்று பென் டிரைவைக் கொடுத்திருக்கிறார். இரண்டு பெண்கள் முயன்று, இரண்டு பேரும் பாதியில் அணைத்துவிட்டார்கள். இனி யாரும் கெடுக்க வேண்டாம் என்று வார்டன் அம்மா கம்ப்யூட்டரைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். படங்களில் திருத்தம் அனுப்ப அன்றைக்கு மாலை ஆறு மணிதான் கடைசி. விட்டால், அடுத்த வெளியீடு வரை யாரும் கை வைக்க முடியாது.

“ஏன்டி ஆஃப் பண்ணீங்கன்னு கேட்டா சிரிக்கிதுங்க சார். வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க.”

நான் பெருந்தன்மையோடு பையைத் திறந்தேன். மேரி என் பிரசன்டேஷனைப் பார்க்கவே இல்லை. ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி, இதில் முதலிலிருந்து ஏற்றுங்கள் என்றார். ஐந்து பேரும் நோட்டோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

லைனில் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நிற்பதுதான் என் உத்தியோகம். நிற்பது எவ்வளவு சுகம், உட்கார்வது எவ்வளவு நரகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புகைப்படத்தை அடுக்கச் சொன்னது. அமுக்கினேன். பின்னால் பேனா கீறும் சத்தம். பாட்டு கேட்கச் சொன்னது. இங்கே ஸ்பீக்கர் இல்லையே என்று திரும்பிக் கேட்டேன். மறுபடி கீறல்தான். கடைசிப் படம் ‘உதவி தேவையா?’ என்றது. ஆமாம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுத்த நொடி — முதல் படம்! என் கை தானாக வயருக்குப் போனது.

“ஏ அண்ணாச்சி, வயர்ல கை வைக்காதீய” என்று இசக்கிமுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மேரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சொன்னார்:

“அதுங்களும் இதைத்தான் பண்ணிக்கீதுங்க.”

படங்கள் வெறும் வேடிக்கைக்கு, வேலை பின்னால் தானாக நடக்கிறது என்று அப்புறம்தான் எனக்கு விளக்கினார்கள். இதை மெயிலிலேயே சொல்லியிருக்கலாமே என்று பொரிந்தேன்.

“சொல்லிட்டா நீங்க கெட்டுப் பூடுவீங்களே சார்” என்றார் மேரி. “தெரிஞ்சவங்க எங்ககிட்ட நெறைய பேர் இருக்காங்க. தெரியாதவங்க ஒருத்தரும் சிக்கல. சிக்கினாலும் ஒத்துக்க மாட்றாங்க. நீங்க ரெண்டு பக்கம் எழுதி அனுப்புனீங்க.”

பாராட்டா, திட்டா? இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கம்பெனியில் ஒருத்தர் இப்படித் தப்பு செய்தால் என்னவென்று எழுதுவீர்கள் என்று மேரி கேட்டார். ‘ஆபரேட்டர் தவறு’ என்றேன். எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்பேன்! மேரி தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேராக ‘படத்தின் தவறு’ என்று எழுதியிருந்தது.

திங்கட்கிழமை ஷிஃப்டில் என் கை அந்தப் பழைய இரண்டு வார்த்தையை எழுதப் போய், கொஞ்சம் தயங்கியது. திருந்திவிட்டேன் என்று சொல்லவில்லை. தயங்கியது... அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குள் அவர்கள் அனுப்பியது ஒரே ஒரு திருத்தம். எட்டுப் படங்களின் அடியிலும் ஒரு வரி: ‘இவை பார்ப்பதற்கு மட்டும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். முடியும்வரை திரும்பத் திரும்ப வரும்.’ சிஸ்டத்தை வெளியிடுகிறவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வாரமே, புது வரி சேர்ந்த சோதனைப் பிரதியோடு மேரி விடுதிக்குப் போய், பீரோவைத் திறக்க வைத்தார். முன்பு அணைத்த பெண்களில் ஒருத்தியே மறுபடி உட்கார்ந்தாள். படங்கள் நாலு சுற்று வந்தன. சிஸ்டம் ஏறி முடிந்தது. அதைப் பார்க்க அவள் அங்கே இல்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.