ஆர்டிஸின் சட்டை

ஆர்டிஸ் லிண்டால் மோசமாக ஆடுவாள். அதற்காகவே அவளை அணியில் வைத்திருந்தோம்.

அமெரிக்காவில் எங்கள் டுலூத் ஊரில் மதுக்கடைக்கு மதுக்கடை பூல் அணி உண்டு; குச்சியால் பந்தைத் தட்டி மேசைக் குழிகளில் விழவைக்கும் ஆட்டம். லீக்கில் ஒவ்வொருவருக்கும் திறமைக்கேற்ப ஓர் எண் தருவார்கள். ஜெயிக்க ஜெயிக்க அது ஏறும். அணியில் ஐந்து பேரின் எண்ணையும் கூட்டினால் இருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது. எங்கள் நால்வருக்கே இருபத்தொன்று போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டுதான் ஆர்டிஸ்.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் செத்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. புதன்கிழமை சாயங்காலம் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். முதுகில் அவள் பெயர் பெரிதாகத் தைத்திருக்கும். அவள் பந்தைத் தவறவிடுவாள், நாங்கள் ஊளையிடுவோம், எங்களைவிடச் சத்தமாக அவள் சிரிப்பாள்.

"ஏ ஆர்டிஸ், குழி அந்தப் பக்கம் இருக்கு!" என்று கத்துவான் எங்கள் கேப்டன் கோர்டி பெல்டோ. "கண்ணாடி கொண்டாரவா?"

"கொண்டா. போட்டா உன் மூஞ்சிதான் தெரியும், அத எடுத்துட்டுப் போயிரு."

ஒவ்வொரு வாரமும் இதே பேச்சுதான். யாருக்கும் சலிக்கவில்லை.

பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, வேலை முடிந்ததும் ஆளில்லாத நேரத்தில் வந்து தனியாகப் பழக ஆரம்பித்தாள். நான் கேட்டதற்கு, "ஒரு தடவையாச்சும் நீங்க வாய மூடணும், அதுக்குத்தான்" என்றாள். மூடினோம். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். முதல் வெற்றிக்குத் தோளில் தூக்காத குறை. இரண்டாவதற்கு கோர்டி கைதட்டவில்லை. இன்னொன்று ஜெயித்தால் அவள் எண் மூன்றாகிவிடும்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் அவளை ஓரமாக அழைத்தான். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"நீ ஜாலிக்குத்தான ஆடுற?"

"ஆமா."

"அப்ப ஜாலியா தோத்துரு. ஜெயிச்சேன்னா உனக்கு இங்க இடமில்ல."

வேண்டுமென்றே தோற்பது லீக்கில் குற்றம். ஆனால் எல்லா அணியும் செய்கிற குற்றம்தான். அவள் தலையாட்டினாள். கை மட்டும் கேட்கவில்லை போல, பந்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில், விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும் கறுப்புப் பந்து குழி வாயிலேயே நின்றது. குழந்தைகூடத் தள்ளிவிடும். ஆர்டிஸ் நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள். கோர்டி மெதுவாகத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான்.

அவள் குனிந்து அடித்தாள். பந்து விழுந்தது.

எதிரணிக் கிழவர் மட்டும் கைகொடுத்தார். "சட்டையக் கழட்டிக் குடு, அது அணிக் காசுல வாங்கினது" என்றான் கோர்டி.

"இங்கேயா?"

"வேற எங்க?"

உள்ளே மெல்லிய பனியன்தான் போட்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றி, சலவைக்கூடப் பழக்கம், ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து மேசைமேல் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் நடந்து போனாள். இருபத்துநாலை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? மாநிலப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த புதன்கிழமை பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் பிரென்னா என்ற பெண்ணை கோர்டி பிடித்து வந்தான். குச்சியைத் துடைப்பம் மாதிரி பிடித்தாள். அச்சு அசலான இரண்டு. அதே சட்டையைக் கொடுத்தோம். முதுகிலிருந்த பெயரைப் பிரிக்க யாருக்கும் பொறுமையில்லை.

அவள் அடித்த முதல் பந்து எங்கோ போனது.

"ஏ ஆர்டிஸ், குழி அந்தப் பக்கம் இருக்கு!" என்று கத்தினான் கோர்டி. கடையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

கவுண்டர் ஓரத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு திரும்பினாள்.