இருசம்மாள் ஊற்றிய தண்ணீர்

ஜீயபுரத்துப் பக்கம் இருசம்மாள் கை படாமல் பிறந்த பிள்ளைகள் அந்த நாளில் குறைவு. புருஷன் செத்த பிறகு திருச்சிப் பெரியாஸ்பத்திரியில் சில மாதம் பிரசவ வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்பியவள் அவள். வாழைக்கொல்லைக்காரர் வீடானாலும் கூலிக்காரர் குடிசையானாலும், மாதா கோவில் தெருவில் இருந்த வேதக்காரர் வீடானாலும், வலி கண்டதும் ஆள் ஓடுவது அவளைத் தேடித்தான். அவளும் யார் வீடு என்று பார்த்துக் கால் வைத்ததில்லை. ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பாள். மற்ற மாதமெல்லாம் பிள்ளை எடுப்பாள்.

அறுபத்தொன்றாம் வருஷத்து ஆடியில் காவேரி கரைக்கு அடங்கவில்லை. வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாமல் தண்ணீர் பரந்து கிடந்தது. திருச்சிக்குப் போகும் பஸ் நின்று போயிற்று. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிலோமின்ராஜ் சம்பள விஷயமாகத் திருச்சிக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி ரோசம்மாளுக்கு, நாள் இன்னும் இருக்கையிலேயே வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம்.

இருசம்மாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தபோது நிலைமை மோசமாக இருந்தது. உச்சிப்பொழுது தாண்டித்தான் பிள்ளை வந்தது. ஆண் பிள்ளை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. உடம்பெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அவள் கொடியை விலக்கினாள், முதுகைத் தட்டினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நெஞ்சு விட்டு விட்டுத்தான் ஏறி இறங்கியது.

ரோசம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறைக்காதீங்க அக்கா. பிழைக்குமா?"

இருசம்மாள் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தாள். 

"அப்ப உபதேசியாரைக் கூப்பிடுங்க. ஞானஸ்நானத் தண்ணி ஊத்தணும்."

சாமியார் இல்லாத நாளில் மாதா கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அற்புதசாமி வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பாலத்தின் மேல் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கிழவியோ இருட்டறையில் நடக்கவே சுவரைப் பிடிப்பவள், காதும் கேட்காது. ரோசம்மாள் தானே எழ முயன்றாள். தம்ளர் கைநழுவிச் சாய்ந்தது; தண்ணீர் பாயில் கொட்டிப் போயிற்று.

"நீங்க ஊத்துங்க அக்கா. நான் சொல்றதை அப்படியே சொல்லிக்கிட்டே தலையில ஊத்துங்க."

"நானா? நான் வேற சாமி கும்பிடறவ தாயி. என் கை ஊத்தினா செல்லுமா?"

"செல்லும். சாகப்போற நேரத்துல யாரு வேணும்னாலும் ஊத்தலாம்னு ஞானோபதேச வகுப்புல படிச்சிருக்கேன். சீக்கிரம் அக்கா!"

இருசம்மாள் எத்தனையோ சாவைப் பார்த்தவள்தான். ஆனால் அவள் கையில் இப்போது இருந்தது வேறொரு வேலை. அதன் பாரம் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. பிள்ளையின் நெஞ்சு ஒருமுறை நின்று மறுபடி ஏறியது. இனி யோசிக்க நேரமில்லை. அவள் தம்ளரை எடுத்தாள்.

"சூசையே," என்று பிள்ளைக்குப் பேரிட்டுத் தொடங்கினாள் ரோசம்மாள். "சூசையே," என்றாள் இருசம்மாள். பிதா, சுதன் வரைக்கும் நாக்கு ஒத்துழைத்தது. பரிசுத்த ஆவிக்கு அவர்கள் சொல்லும் 'இஸ்பிரீத்து சாந்து' என்ற இடத்தில் குளறிப் போயிற்று. 'இசுப்பிரித்திச் சாந்தி' என்றோ என்னவோ வந்தது. "நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று முடித்தாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு முறை தண்ணீர் விழுந்தது. பிறகு பிள்ளையைத் தாயின் மார்மேல் போட்டாள். கொஞ்ச நேரம் அது அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு இல்லை.

மறுநாள் காலை தண்ணீர் சற்று வடிந்தது. பிலோமின்ராஜ் ரயில் பாதை மேலேயே நடந்து வந்து சேர்ந்தார். பாலத்தைக் கடந்து உபதேசியாரும் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் அனுப்ப வேண்டும் என்று வாத்தியார் கேட்டதும் உபதேசியார் முடியாதென்று தலையை ஆட்டினார்.

"வேலிக்கு வெளியிலதான் வாத்தியாரே. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு உள்ள இடம் இல்லை."

"ஊத்தியாச்சுங்க. இருசம்மா ஊத்தினாங்க."

"அந்தம்மா நம்ம வேதமா? தன்கிட்ட இல்லாததை ஒருத்தர் எப்படிக் குடுக்க முடியும்?"

அற்புதசாமி கெட்டவர் அல்ல. சொல்லும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். பங்குச் சாமியார் வந்து தீர்க்கட்டும் என்று ஆள் அனுப்பினார்கள்.

சேதி அதற்குள் மாரியம்மன் கோயில் தெருவுக்கும் போய்விட்டது. கோயிலில் பூசை வைப்பவன் இருசம்மாளின் கொழுந்தன் காத்தமுத்து. அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்ன அண்ணி, வேதத்துல சேர்ந்துட்டியாமே? அவங்க மந்திரத்தைச் சொன்ன வாயோட நம்ம கோயில்ல எப்படித் தீச்சட்டி எடுப்பே?"

"செத்துக்கிட்டிருந்த பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினேன். வேறொண்ணும் செய்யலை."

"தண்ணி மட்டும்தான் ஊத்தினியா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்தப் பக்கம் ஊற்றியது குற்றம். அந்தப் பக்கம் ஊற்றியது போதவில்லை. 

அன்று மத்தியானம், சாமியார் வருகிறார் என்று அழைக்க வந்த பிலோமின்ராஜ் வழியிலேயே அவளை நிறுத்தினார். படித்த மனுஷர், அவள் முன்னால் கை கூப்பி நின்றார். "அக்கா, ஒரே ஒரு உபகாரம். வார்த்தை குளறிடுச்சுன்னு ரோசா சொன்னா. சாமியார் கேட்டா சரியாச் சொன்னேன்னு சொல்லிடுங்க. நம்மளைத் தவிர யாருக்குத் தெரியப் போகுது?"

வாத்தியார் வீட்டில் ரோசம்மாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது நாக்கு குளறவில்லை. அச்சுப் போல வந்தது.

தைரியராஜ் சாமியார் அங்கியை முழங்கால் வரை தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றுக் காலோடு வந்தார். வயதானவர். துணியில் சுற்றிக் கிடத்தியிருந்த பிள்ளையைப் பார்த்து ஜெபித்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"என்ன தண்ணிம்மா?"

"குடிக்கிற தண்ணிங்க. குடத்துலேருந்து எடுத்தேன்."

"பிள்ளைக்கு உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க சாமி. ரெண்டாவது தடவை ஊத்தும்போது முகத்தைச் சுளிச்சான். அதுக்கப்புறமும் தாய் மார்மேல மூச்சு விட்டான்."

"என்ன வார்த்தை சொன்னீங்க? நேத்துச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

 கட்டிலிலிருந்து ரோசம்மாளின் கண்கள் அவளையே பற்றிக்கொண்டிருந்தன. சரியான வார்த்தை இருசம்மாளின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த வார்த்தை அந்தப் பிள்ளைக்குச் சொன்னது அல்லவே. அது செத்த பிறகு கற்றது. பிறத்தியார் சாமியிடம் பொய் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

"இசுப்பிரித்திச் சாந்தின்னு சொல்லிட்டேங்க," என்றாள். "வாத்தியாரம்மா சரியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குத்தான் வாய் வரலை."

வாத்தியார் சுவரில் சாய்ந்துவிட்டார். ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கேட்டீங்களா சாமி?" என்றார் உபதேசியார் மெதுவாக. "வேதமும் இல்லை, வார்த்தையும் இல்லை."

 சாமியார் இருசம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "ஊத்தும்போது என்ன நினைச்சீங்க?"

"எனக்கு என்னங்க தெரியும்? அந்தத் தாய் என்ன நினைச்சுக் கேட்டுச்சோ, அதுவே நடக்கட்டும்னு நினைச்சேன்."

சாமியார் உபதேசியார் பக்கம் திரும்பினார். "அற்புதசாமி, தன்கிட்ட இல்லாததை எப்படிக் குடுக்க முடியும்னு நீங்க கேட்டீங்களாமே. ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முன்னாலயே ஆப்பிரிக்காவில பிஷப்பா இருந்த ஒரு மேற்றிராணியார் இதையேதான் கேட்டார். திருச்சபையை விட்டுப் பிரிஞ்சவங்க குடுத்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்பக் குடுக்கணும்னார். ரோமாபுரியில இருந்த பாப்பரசர் ஒத்துக்கலை. ஊத்தறது எந்தக் கையா இருந்தாலும், குடுக்கிறவர் ஆண்டவர்தான்னு திருச்சபை பின்னால தீர்த்துச்சு. சண்டை போட்ட ரெண்டு பேரையுமே இன்னைக்குப் புனிதர், அர்ச்சிஷ்டவங்கன்னு கும்பிடறோம். அதனால நீங்க கேட்டது தப்பில்லை."

"வார்த்தை, சாமி?"

"பவேரியா தேசத்துல லத்தீன் தெரியாத ஒரு குரு பிதா, சுதன்ங்கிறதையே தப்பாச் சொல்லி ஞானஸ்நானம் குடுத்திருக்கார். திரும்பக் குடுக்கணுமான்னு பெரிய விவாதம். வேணாம், தப்பு நாக்கில, விசுவாசத்துல இல்லைன்னு அப்போதைய பாப்பரசர் எழுதினார்."

அவர் கட்டில் அருகே போனார். "கேளும்மா. அந்தக் காலத்துல பெரிய தொட்டியில இறங்கிக் குளிச்சுத்தான் ஞானஸ்நானம் வாங்குவாங்க. இறங்கறது சாவு, ஏறி வர்றது உயிர்ப்புன்னு அர்த்தம். அதுக்காக வருஷக்கணக்காக் காத்திருந்தவங்க உண்டு. படுக்கையில கிடந்த சீக்காளிக்கு மட்டும் தலையில ஊத்தினாங்க. அது அரைகுறைதானேன்னு சிலபேர் கேட்டாங்க. இல்லை, அதுவும் முழுசுதான்னு அடிச்சுச் சொன்னவரு யார் தெரியுமா? நான் சொன்ன அதே ஆப்பிரிக்கா மேற்றிராணியார். உன் சூசை முழுசா வாங்கிட்டுத்தான் போயிருக்கான்."

ரோசம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பொழுது சாயுமுன் வேலிக்கு உள்ளே குழி வெட்டினார்கள். ஈர மண் சரிந்து சரிந்து விழுந்தது. மண்வெட்டியை வாங்கி வெட்டி முடித்தவர் அற்புதசாமிதான். இருசம்மாள் கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சாமியார் கூப்பிட்டதும் போய் ஒரு பிடி மண் போட்டாள்.

அந்த ஆடியில் காத்தமுத்து அவளுக்குத் தீச்சட்டி கொடுக்கவில்லை. அவள் சண்டைக்குப் போகவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். வேதக்காரர் தெருவில் அவளைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் உண்டு. ரோசம்மாளே ஒருநாள் கேட்டாள். "எனக்கு எங்க ஆத்தா இருக்கா தாயி. கோவத்துல இருக்கா, அவ்வளவுதான்," என்றாள் இருசம்மாள்.

மாசியில் காத்தமுத்துவின் மருமகள் மாரியாயிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆள் அனுப்பக் கூச்சப்பட்டுக் காத்தமுத்து தானே வந்து வாசலில் நின்றான். இருசம்மாள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் நடந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மாரியம்மா, மாரியம்மா என்று அந்தப் பெண் அலறியபோதெல்லாம் இருசம்மாளும் கூடச் சேர்ந்து கூப்பிட்டதைக் காத்தமுத்து வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆடியில் அவளைக் கேட்காமலே அவள் பேருக்கு ஒரு சட்டியில் நெருப்பு வளர்த்து வைத்திருந்தான். மன்னிப்பு என்று எதுவும் அவன் வாயிலிருந்து வரவில்லை. "நெருப்பு அதிகமா இருக்கா அண்ணி?" என்று மட்டும் கேட்டான். இருந்தால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் சட்டியைக் கையில் ஏந்தினாள்.